வாய்க்கு முன் செவி

வடக்குப்பட்டு என்னும் எங்கள் சிற்றூரை வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஒரகடத்துக்கு அருகில், ஒருபுறம் வயல்களும் மறுபுறம் தொழிற்சாலைகளின் நெடிய மதில்களுமாக அமைந்த ஊர் அது. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்து, கற்கால மனிதர் கையாண்ட கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தபோதுதான் செய்தித்தாள்களில் எங்கள் ஊரின் பெயர் இடம்பெற்றது. இவ்வூரில் வாழும் நான், அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். அந்த இயந்திரங்களின் பேரோசை என் செவிகளை ஓரளவு மந்தமாக்கிவிட்டது. ஆயினும் என் செவியின் உண்மையான மந்தம் இயந்திரத்தால் வந்ததன்று என்பதை, என் மகன் வாங்கிய ஒரு சிறு வானொலிக் கருவியே எனக்கு உணர்த்திற்று.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒருநாள், இரவுப் பணி முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி, கூரியரில் வந்த பொட்டலம் ஒன்றை என் மனைவி கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே காவலர்கள் வைத்திருப்பது போன்ற 'வாக்கி டாக்கி' ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகன், விழா நாட்களில் தாத்தாவும் பாட்டியும் கொடுத்த பணத்தைச் சேர்த்துவைத்து, தாயின் கைப்பேசி வழியாக இணைய அங்காடி ஒன்றில் அதனை வாங்கியிருந்தான். ஒலி அனுப்பக்கூடிய அத்தகைய கருவியை உரிய உரிமமின்றி வைத்திருப்பது நம் நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானது. இணைய அங்காடிகளில் இவை தடையின்றி விற்கப்படுவதைக் கண்டு, அதே 2025ஆம் ஆண்டில் மத்திய அரசு அவற்றின் விற்பனைக்கெனத் தனி நெறிமுறைகளையே வெளியிட்டது.

பள்ளியிலிருந்து திரும்பியவனைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். அவன் கண் கலங்கி நின்றான், பின்பு மெல்லச் சொன்னான்: "அப்பா, உங்களைக் கேட்காமல் நான் வாங்கவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் கேட்டேன். நீங்கள் 'ஆகட்டும்' என்றீர்கள்."

ஆம், சொல்லியிருப்பேன். பணிக்களைப்பில் கண்ணை மூடியபடியே அவன் சொல்வதற்கெல்லாம் 'ஆகட்டும்' என்று தலையசைப்பது என் வழக்கமாகிவிட்டிருந்தது.

"இது உனக்கு எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"வெள்ளம் வந்தபோது அத்தையோடு பேச முடியாமல் நீங்கள் அழுதீர்களே அப்பா. எனக்கு நினைவிருக்கிறது" என்றான்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டபோது, முடிச்சூரில் வாழும் என் தமக்கையின் வீடு நீரால் சூழப்பட்டது. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஊர் அது. ஆனால் மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின. இரண்டு பிள்ளைகளோடு அக்காள் மாடியில் உயிரோடு இருக்கிறாள் என்பதை அறிய எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் என் மகன் ஐந்து வயதுச் சிறுவன். அவன் கண்டதை நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

மறுநாளே அக்கருவியைத் திருப்பி அனுப்பினோம். "நல்ல நோக்கத்துக்கும் நேரிய வழியே வேண்டும். முறைப்படி தேர்வெழுதி உரிமம் பெறுவோம், நானும் உன்னோடு சேர்ந்து படிக்கிறேன்" என்று அவனுக்கு வாக்களித்தேன். அமெச்சூர் வானொலி என்றும் ஹாம் வானொலி என்றும் அழைக்கப்படும் துறைக்குள் நாங்கள் அடியெடுத்து வைத்தது இவ்வாறுதான்.

ஊதியம் கருதாமல், அரசின் உரிமத்தோடு, தனியொருவர் தம் இல்லத்தில் வானொலி நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள தம்மைப் போன்றோருடன் உரையாடுவதே அமெச்சூர் வானொலி. இதில் விளம்பரம் செய்தலாகாது, வணிகம் பேசலாகாது, பாட்டு ஒலிபரப்பலாகாது, அரசியல் பூசல்களுக்கும் இடமில்லை. நம் தமிழகத்துக்கு இத்துறையில் பழைய உறவு உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், ஆர்வலர்களின் முயற்சியிலேயே ஒலிபரப்பு நடத்தியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றுவிட, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரில் 1991 மே 21 அன்று உயிர்நீத்த ராஜீவ் காந்தியும் ஓர் அமெச்சூர் வானொலியாளரே. வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவரது அழைப்புக் குறி. அவருடைய நினைவிடத்தைப் பலமுறை கடந்து சென்றிருந்தும் நான் இதனை அறிந்ததில்லை.

இத்துறையின் பயனை நாடு முழுவதும் கண்டது 2004 டிசம்பரில். பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு, பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்த அந்தமான் தீவுகளிலிருந்து பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்தது. டிசம்பர் 26 அன்று நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. பிற தொடர்புகள் அறுந்த அவ்வேளையில், பொழுதுபோக்குக்கென்று கொண்டுசெல்லப்பட்ட அவர்களுடைய கருவிகளே செய்திகளைத் தாங்கும் பாலமாயின. தம் உறவினர் உயிரோடிருக்கிறார் என்னும் ஒரு வரிச் செய்தியின் விலை என்னவென்று, 2015இல் மூன்று நாட்கள் காத்திருந்த எனக்குத் தெரியும்.

இனி, உரிமம் பெறும் வழியைச் சொல்கிறேன். 1978ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட விதிகளின்படி, 12 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் இத்தேர்வை எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வானொலிப் பிரிவு இதனை நடத்துகிறது. வரையறுக்கப்பட்ட வகுப்பு, பொது வகுப்பு என இரு நிலைகள் உண்டு. வானொலியும் மின்னியலும் பற்றிய அடிப்படை அறிவு ஒரு பகுதி. சட்டமும் விதிமுறைகளும் மற்றொரு பகுதி. கூடுதல் மின்திறனுக்கு இடம் தரும் பொது வகுப்பை நாடுவோர் மோர்சு என்னும் தந்திக் குறிகளையும் பயில வேண்டும். தொடங்குவோருக்கு வரையறுக்கப்பட்ட வகுப்பே ஏற்றது. தேர்வில் வென்றபின் உரிமத்துக்கு விண்ணப்பித்து, அரசின் சரிபார்ப்பு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். கட்டணமும் நடைமுறையும் மாறக்கூடியவையாதலால், துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தைப் பார்த்தே விண்ணப்பிப்பது நலம்.

ஆறு மாதங்கள் நானும் மகனும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து படித்தோம். தேர்வு முடிவில் அவன் வெற்றி பெற்றான், நான் தோற்றேன். மின்னியலில் அன்று, விதிமுறைப் பகுதியில்! சட்டத்தை மதிக்க வேண்டும் என்று மகனுக்கு அறிவுரை கூறியவன் சட்டப் பாடத்திலேயே தவறினேன். வீட்டார் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகன் என்னைக் கேலி செய்யவில்லை. "அடுத்த முறைக்கு நான் கேள்வி கேட்கிறேன் அப்பா, நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்றான். தோல்வியுற்றவனைத் தாழ்த்தாமல் தாங்கும் பண்பை அவன் யாரிடம் கற்றானோ, நான் அறியேன்.

உரிமத்துக்காகக் காத்திருந்த மாதங்களில் எங்களால் பேச இயலாது, கேட்கத்தான் இயலும். அந்தக் காத்திருப்பே எங்களுக்குப் பள்ளியாயிற்று. சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றை முதலில் வாங்கினோம். புதிதாக வாங்குவோர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அமெச்சூர்கள் சிற்றலையில் பேசும்போது பெரும்பாலும் ஒற்றைப் பக்கப்பட்டை என்னும் முறையைக் கையாளுகின்றனர். சாதாரணப் பெட்டியில் அது வாத்துக் கத்துவது போலத்தான் கேட்கும். அம்முறையைப் பிரித்தறியும் வசதியுள்ள பெட்டியே வேண்டும்.

அடுத்தது ஏரியல். கடையில் வாங்கத் தேவையில்லை. செப்புக் கம்பியும் ஒரு கணக்கும் போதும். 143 என்னும் எண்ணை மெகாஹெர்ட்சில் உள்ள அலைவரிசையால் வகுத்தால், இருகை ஏரியலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். நடுவில் வெட்டி, இருபுறமும் பத்துப் பத்து மீட்டராக்கி, எங்கள் வேப்ப மரத்துக்கும் மொட்டை மாடிக்கும் இடையே கட்டினோம். மின்கம்பிகளின் அருகே ஏரியலைக் கொண்டுசெல்லலாகாது. மழைக்காலத்தில் இடி முழங்குமுன் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். நிலத்தோடு இணைக்கும் எர்த் கம்பியில் சிக்கனம் பார்க்கலாகாது.

பெட்டியை இயக்கியதும் 'கொர்' என்னும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை! எங்களைச் சுற்றிலும் இயந்திரங்கள்; வீட்டுக்குள்ளே மின்னேற்றிகள், எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர். இவை ஒவ்வொன்றும் வானலையில் குப்பை கொட்டுகின்றன. மகன் ஒரு வழி கண்டான். வீட்டின் மின்னிணைப்பு முழுவதையும் அணைத்துவிட்டு, பாட்டரியில் பெட்டியை இயக்கி, பின்பு ஒவ்வொரு பொருளாக இயக்கிப் பார்த்தான். முதன்மையான குற்றவாளி என் கைப்பேசியின் மலிவான மின்னேற்றி! அதனைக் கழற்றியதும், இருளுக்குள்ளிருந்து மனிதக் குரல்கள் மெல்ல மேலெழுந்தன. பகலில், அயனி மண்டலத்தின் கீழடுக்கு இவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் நெடுந்தூரம் செல்கின்றன. ஆகவே இரவில் பிற நாட்டவரின் குரல்களையும் கேட்டோம்.

பேசும் கருவியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்கு நாங்கள் கற்றதைச் சொல்லிவைக்கிறேன். முதலில் உரிமம், அதன் பிறகே கருவி. கையடக்கக் கருவி விலை குறைவு. ஆனால் அதன் வி.எச்.எப். அலைகள் ஏறக்குறைய பார்வைக்கெட்டும் தொலைவே செல்லும். அருகில் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தால்தான் அதனால் பெரும்பயன் உண்டு. தொலைவில் பேச விரும்பினால் சிற்றலைக் கருவி வேண்டும். வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் புதுக் கருவிகள் எங்களைப் போன்றோருக்கு எட்டாக்கனி. ஆனால் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான், நம் நாட்டுக் கடைகளில் எளிதில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே அமைக்கக்கூடிய 'பிட்எக்ஸ்' என்னும் கருவியை வடிவமைத்து, அதன் வரைபடத்தை யாவர்க்கும் வழங்கினார். இன்று உலகின் பல நாடுகளில் அதனைத் தம் கையாலேயே செய்து இயக்குகின்றனர். பழைய கருவியை வாங்குவதாயின், அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் சென்று, வாங்குமுன் இயக்கிப் பார்த்துவிடுங்கள். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கைக் கருவிக்குச் செலவிட்டு, ஏரியலுக்குக் கையை விரிப்பவர் பின்னர் வருந்துவர்.

இத்துறையில் நம் திருச்சபைக்கும் இடமுண்டு. மார்க்கோனியே அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் தொடங்கி வைத்தார். என் மனத்தைக் கவர்ந்தவரோ சேசு சபைக் குரு மார்ஷல் மோரன் அடிகளார். 1951இல் நேபாளத்தின் கோதாவரியில் தூய சவேரியார் பள்ளியைத் தொடங்கிய அவர், மலைகள் சூழ்ந்த அந்நாட்டிலிருந்து நெடுங்காலம் உலகோடு வானலையில் உரையாடினார். 9என்1எம்.எம். என்னும் தம் அழைப்புக் குறியின் இறுதி எழுத்துகளை 'மிக்கி மவுஸ்' என்று விரித்துச் சொல்லிச் சிரிப்பாராம். 1992இல் அவர் மறையும்வரை, அவருடைய குரலைக் கேட்பதற்கென்றே உலகெங்கும் பலர் தம் பெட்டிகளின் முன் காத்திருந்தனர்.

சென்ற மாதம் மகனின் உரிமம் வந்து சேர்ந்தது. அவன் பேசிய முதல் மாலையில் என் தமக்கையும் முடிச்சூரிலிருந்து வந்திருந்தார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தவன் உடனே பேசிவிடவில்லை. நெடுநேரம் கேட்டான். பின்பு, "இந்த அலைவரிசையில் யாரேனும் இருக்கிறீர்களா?" என்று வினவிவிட்டு மீண்டும் கேட்டான். வேறொருவர் உரையாடும் இடத்தில் குறுக்கிடலாகாது என்பது அத்துறையின் முதல் ஒழுக்கம். அதன் பிறகே தன் அழைப்புக் குறியைச் சொன்னான். சில நொடிகள் இரைச்சல், பிறகு கோவையிலிருந்து ஒரு பெரியவரின் குரல்: "தெளிவாகக் கேட்கிறது தம்பி, சொல்லுங்கள்." அக்காள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சீலோவில் துயின்ற சிறுவன் சாமுவேலும் முதலில் கேட்கக் கற்றான். பின்னரே இறைவாக்கினன் ஆனான். கேட்பதற்குச் சட்டம் கற்றுத்தரும் இந்தப் பொழுதுபோக்கை நம் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன். நானும் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

நேற்று இரவுப் பணிக்குப் புறப்படும் வேளையில், "அப்பா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று மகன் வந்து நின்றான். 'ஆகட்டும்' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் அருகில் அமர்ந்தேன்.