தேங்கிய ஏரியும் சபை ஊழியமும்

ஏரி வற்றுவதற்கு மழையின்மை ஒன்றே காரணம் என்று எண்ணுவோர் பலர். பூந்தமல்லிக்கு அணித்தாயுள்ள பாரிவாக்கத்து ஏரிக்கரையில் உலாவி வளர்ந்தவனாகிய நான் வேறொன்றும் அறிவேன். மழை பெய்தும் வரத்துக்கால் தூர்ந்திருப்பின் நீர் வாராது. நீர் வந்தும் மதகு திறவாதிருப்பின் வயல் விளையாது. இதுபற்றியே தமிழ்நாட்டு ஊரார் முற்காலத்தில் ஒன்றுகூடி ஏரி கால்வாய்களைத் தூரெடுத்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசினரும் அப்பெயராலேயே அவ்வேலையைப் புதுப்பித்தனர். திருச்சபையின் ஊழியமும் இவ்வாறே தூர்வதுண்டு, தூரெடுக்கப்படுவதும் உண்டு.

எங்கள் பக்கத்துச் சிறு சபையொன்றை நான் இளம்பிராயமுதல் அறிவேன். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் மணி ஒலிக்கின்றது. ஆராதனை குறித்த வேளையில் தொடங்கிக் குறித்த வேளையில் முடிகின்றது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; ஆயினும் உயிர்த்துடிப்பும் இல்லை. கணக்குப் புத்தகம் பல்லாண்டாக ஒருவர் கையிலேயே இருக்கின்றது. ஞாயிறு பாடசாலையை ஒரே அம்மையார் தள்ளாத வயதிலும் தாங்கி வருகின்றார். வாலிபர்கள் பாடுதற்கும் பந்தி பரிமாறுதற்கும் அழைக்கப்படுகின்றனரேயன்றி, ஆலோசனைக்கு அழைக்கப்படுவதில்லை. ஆகவே அவர்கள் ஒவ்வொருவராய்ப் பட்டணத்துப் பேராலயங்களை நாடிப் போகின்றனர். பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்தது என்று மூத்தோர் வருந்துகின்றனர். எங்களுக்கு இடமில்லை என்று இளையோர் முறையிடுகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. இந்நிலை நீடிக்குமாயின், இன்னும் பத்தாண்டில் ஆலயக் கதவைத் திறக்க ஆளிருக்குமோ என்பதே என் அச்சம்.

இவ்வச்சத்திற்கு மாற்றாக நான் நினைந்து தேறுவது வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் சரித்திரம். 1874-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணிபுரிந்தார். 1902-இல் யாழ்ப்பாணஞ் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலிச் சபையோ வயதில் முதிர்ந்தது, தொகையில் பெரியது. எனினும் அவ்வாறு செய்யவில்லையே என்ற எண்ணம் அவர் உள்ளத்தைச் சுட்டது. மறு ஆண்டாகிய 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. இந்தியரே ஊழியர், இந்தியர் பொருளே மூலதனம், இந்தியரே நிருவாகிகள் என்பது அதன் கோட்பாடு. அது தெரிந்துகொண்ட களம் தெலுங்கு வழங்கும் தோர்னக்கல்.

பிறரை அனுப்பியதோடு அசரியா அமையவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்றார். 1910-இல் எடின்பரோ மாநகரில் கூடிய உலக மகாநாட்டில், அன்னிய மிஷனரிமார் இதுவரை அளித்த தியாகத்தையும் தானத்தையும் வாயாரப் போற்றி, இனி எங்களுக்கு வேண்டுவது உங்கள் நட்பே என்று அஞ்சாது உரைத்தார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். எழுத்தறியா ஏழைக் கிராமத்தாரையும் அவர் வெறுங் கேட்போராய் வைத்திலர். ஆண்டுதோறும் சாட்சி வாரம் நடத்தி, அவர்களையே அண்டையூர்களுக்கு அனுப்பினார்.

இவ்வரலாற்றில் எனக்கு வியப்பாவது ஒன்று. ஊழியத்தை எழுப்ப அசரியா முதலில் நாடியது புதிய கட்டடத்தையன்று, மிகுந்த பணத்தையுமன்று. நாம் யாருக்குக் கடன்பட்டோம் என்ற கேள்வியையே அவர் எழுப்பினார். வெளியே கொடுக்கத் தொடங்கிய சபை உள்ளேயும் ஊறத் தொடங்கிற்று. இரண்டாவது, பொறுப்பை ஒப்புவித்த பின்னரே தலைமை பிறக்கும் என்பது. நீந்தக் கற்றபின் நீரில் இறங்குவேன் என்பார் எவருமிலர்.

பாரிவாக்கத்தார்க்குத் தோர்னக்கல் தொலைவிலில்லை. அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களின் தொழிற்சாலைகளை நாடி, மொழியறியாத வட இந்திய வாலிபர் பலர் நம் புறநகர்ப் பகுதிகளில் குடியேறியுள்ளனர். அவர்கள் நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவர், தமிழ் கற்பிக்க ஒருவர், பண்டிகை நாளில் உணவுக்கு அழைக்க ஒரு குடும்பம் என்று சபையார் முன்வரலாகாதா? கணக்குப் புத்தகத்தில் ஓராண்டு ஓர் இளைஞர் பெரியவரோடு அமர்ந்து பழகலாகாதா? அம்மையாரோடு இருவர் துணையாய் நின்று பாடம் நடத்தலாகாதா?

நேயர்களே! விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது குறை கூறும் நாவோடு செல்லாது, ஒரு வேலையைக் கேட்டுப் பெறும் கையோடு செல்வோமாக. பெரியோர்களும் அக்கையில் மண்வெட்டியைத் தந்தருள்வார்களாக. குடிமராமத்தில் வேடிக்கை பார்ப்போருக்கு இடமில்லை.