பழைய கப்சாயும் கிள்ளான் சாலையும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் 'கப்சாய்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அப்பா பால்மரம் வெட்டப் போனது அதில்தான். அம்மா பின்னால் அமர்ந்து பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போனதும் அதில்தான். இன்றும் காலையில் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று பாருங்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் தகப்பனார் என்று எத்தனை கப்சாய்கள் வந்து நிற்கின்றன!

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் 'சூப்பர் கப்' என்ற சிறு வண்டியை வெளியிட்டது. பினாங்கில் பேருந்து கழுவும் வேலையில் தொடங்கி உயர்ந்த லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1987-இல் வந்த இ.எக்ஸ்.5 வண்டியும் இதே குடும்பந்தான். 2017-க்குள் உலகெங்கும் பத்துக் கோடி 'சூப்பர் கப்' வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. ஆகவே பழைய வண்டியும் எளிதில் கிடைக்கிறது; அதற்கு உதிரிப் பாகமும் கிடைக்கிறது.

அப்படி ஒரு பழைய வண்டியை வாங்கி ஒரு நாள் பயணம் போகலாமா? பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டுக் கிள்ளானைக் கடந்து கோல சிலாங்கூர் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல. ஆனால் நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. ஆதலால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியைத் தயார் செய்யுங்கள்.

வாங்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டின் பளபளப்பை அல்ல, 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரத்தை. அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாங்காதீர்கள். பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி மூன்றும் முடிந்த பிறகுதான் பயணப் பேச்சு.

குளிர்ந்த எஞ்சினை உதைத்துக் கிளப்பிப் பாருங்கள். நீல நிறப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். தீப்பொறி பிளக்கைக் கழற்றினால் அதுவே மீதியைச் சொல்லிவிடும். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சினின் உட்பாகங்கள் தேய்ந்திருக்கின்றன.

பட்டறையில்

எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். இந்தச் சிறு எஞ்சினுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். அவ்வளவு குறைந்த எண்ணெய் என்பதாலேயே அது கெட்டால் எஞ்சினும் விரைவில் கெடும். பெட்ரோல் குழாய் ரப்பரை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள். அதன் விலை சில வெள்ளிதான்.

டயரில் பள்ளம் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் காய்ந்த பழைய டயர் மழையில் வழுக்கும். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தளர்ந்த கம்பியின் ஓசை மந்தமாகக் கேட்கும்.

இவ்வகைப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்குதான். உள்ளே இருக்கும் கட்டை தேய்ந்தது வெளியே தெரியாது. சக்கரத்தைக் கழற்றி, தூசியைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலியும் அப்படித்தான். முழு மூடிக்குள் இருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். மூடியிலுள்ள ரப்பர் அடைப்பானை எடுத்து விரலால் அசைத்தால் ஓர் அங்குல அளவு ஆட வேண்டும். மிகவும் தளர்ந்தால் கழலும். மிகவும் இறுகினால் அறும்.

கடைசியாக விளக்கு. 1992-இலிருந்து பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். பழைய சி.70 வண்டிகளின் 6 வோல்ட் விளக்கு மங்கலானது. ஆகவே கண்ணாடியைத் துடைத்து, புது பல்பு போடுங்கள். பிரேக்கை அழுத்தும்போது பின்விளக்கு எரிகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேளுங்கள்.

இத்தனையும் முடிந்ததும் தோட்டத்துச் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் எல்லா நட்டுகளையும் முடுக்குங்கள். ஒரு பிளக், ஒரு டியூப், ஒரு பிரேக் கம்பி, கொஞ்சம் ஸ்பேனர்கள், மழைக்கோட்டு ஆகியவை பையில் இருக்கட்டும்.

இனிப் புறப்படலாம்

பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இவ்விடம், பின்னர் இரயில்வே தொழிலாளர்களின் ஊராயிற்று. இன்று கேஎல் சென்ட்ரல் நிலையம் நிற்பது பழைய இரயில்வே நிலத்தில்தான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் கோத்தா டாருல் ஏசான் வளைவு வரும். 1974-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதை நினைவூட்டுவது அது. அப்பால் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் உண்டு. 1970-களில் அமைத்தது. லாரிகளின் தொல்லை இல்லை. ஆயினும் தடம் குறுகலானது. சந்திப்புகளின் அடியில் இருண்ட சுரங்க வழிகள் வரும். மழையில் அங்கே தண்ணீர் தேங்கும். பிரேக்கையும் டயரையும் பார்த்த பலனை அங்கே உணர்வீர்கள்.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் வண்டியை நிறுத்தி ஒரு தே தாரே குடியுங்கள். பூமாலை, பலகாரம், புடவைக் கடைகளுக்கு நடுவே நின்று ஒரு பழைய செய்தியை நினைத்துப் பாருங்கள். 1941-இல் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடையை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

அவர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். அந்த மே மாதம் அவரைக் கைது செய்து, பின்னர் நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வண்டியை விட்டு இறங்காமல் போகும் உரிமைக்காகவும் நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது! நாம் சர்வசாதாரணமாக ஓட்டிப் போகிறோம். உங்கள் பின்னால் பிள்ளை அமர்ந்திருந்தால் இந்தச் செய்தியை அங்கே நின்றே சொல்லுங்கள்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகப் போனால் கோல சிலாங்கூர். வழியில் செம்பனைத் தோட்டங்கள், சிறு கோயில்கள். புக்கிட் மலாவதிக் குன்றில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும், பழைய பீரங்கிகளும், கைநீட்டி வரும் குரங்குகளும் பிள்ளைகளை மகிழ்விக்கும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகேறுங்கள். ஆற்றோரத்து பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி அணைவதைக் காணக் கண் கோடி வேண்டும். நிலவில்லாத இரவு இன்னும் விசேஷம்.

ஆனால் வாசகர்களே, அந்த நிலவில்லாத இரவில்தான் நீங்கள் வீடு திரும்ப வேண்டும்! புது பல்பு அப்போதுதான் கைகொடுக்கும். களைப்பாக இருந்தால் கோல சிலாங்கூரிலேயே தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள்.

பழைய வண்டியில் போவது குறைச்சல் அல்ல. பார்க்காமல் கொள்ளாமல் போவதுதான் குறைச்சல். 'யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதா' என்பார்கள் பெரியவர்கள். வண்டியை வாங்கியவர் பிரேக்குக் கட்டைக்கும் தலைக்கவசத்துக்கும் கணக்குப் பார்க்கலாமா? பின்னால் அமரும் பிள்ளைக்கும் அதன் தலைக்குப் பொருத்தமான கவசம் ஒன்று வாங்கிய பிறகு புறப்படுங்கள். போய்வந்து உங்கள் வீட்டாரிடம் கிள்ளான் கதையைச் சொல்லுங்கள்.