புற்றுக்குள் ஒரு சமையலறை

ஐப்பசியில் இடியோடு மழை பெய்து ஓய்ந்தால், சிறுமலை அடிவாரத்துப் பெண்கள் கூடையில் புற்றுக் காளான் கொண்டு வருவார்கள். சின்ன வெங்காயம், மிளகு தட்டிப் போட்டு என் மாமியார் சமைத்தால் திண்டுக்கல்லில் எங்கள் தெருவே மணக்கும். இப்போதெல்லாம் சில வருஷம் அந்தக் கூடை கண்ணிலேயே படுவதில்லை.

கடையில் விற்கும் சிப்பிக் காளானை வைக்கோலில் நாமே வளர்த்துவிடலாம். இதை அப்படிப் பயிரிட முடிவதில்லை. "கறையானுக்கும் அதுக்கும் தாய்பிள்ளை உறவும்மா" என்பார் மாமியார். நிஜம்தான். கறையான் சருகு, சுள்ளியைத் தின்று, சக்கையால் புற்றுக்குள் தேனடை போல அடை கட்டுகிறது. அதில் வளரும் பூஞ்சை சக்கையைப் பக்குவப்படுத்திக் கறையானுக்கு ஆகாரமாக்குகிறது. மழை வந்ததும் அந்தப் பூஞ்சையே மண்ணைத் துளைத்துக் குடை விரிக்கிறது. மரம் போனால் சருகு இல்லை. புற்றை இடித்து மனை போட்டால் அடையும் இல்லை, காளானும் இல்லை.

2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்கு பிழைக்கும் காட்டில் புற்றும் பிழைக்கும் அல்லவா?

காளான் வாங்கினால், நன்றாக அடையாளம் தெரிந்தவர்களிடமே வாங்குங்கள். விஷக் காளானின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகள் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை! பறிப்பவர்களிடம், புற்றைக் கிளறாமல் கிள்ளச் சொல்லுங்கள். தோட்டத்து ஓரம் புற்று இருந்தால் விட்டு வையுங்கள். ஆடி வெள்ளியில் பால் வார்க்கிற நாமே, மறுநாள் அதில் மருந்து ஊற்றலாமா?