என் மச்சினன் வேகமாகப் போகவில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். இல்லாதவர்கள் முதல் பாதியையாவது வாசியுங்கள். நான் தீர்க்க வேண்டிய ஒரு கடன் அதில் இருக்கிறது.

போன நவம்பரில் என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டு இறக்கத்தில் விழுந்து காறை எலும்பு உடைந்தது ஊரில் அநேகருக்குத் தெரியும். "வேகமா வந்திருப்பான், இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு நிதானம் இல்ல" என்றுதான் பேச்சு. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது என்னிடமும் கேட்டார்கள். நான் "ஓம், என்ன செய்ய" என்று தலையாட்டினேன். அவனுக்கு ஒரு நல்ல காரியம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வீட்டுக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது.

அவன் வேகமாகப் போகவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. அந்தப் பிரேக்கைக் கழற்றிப் பூட்டியவன் நான்.

என்னுடையது பழைய பல்சர் 150. முன் சில்லுக்கு டிஸ்க், பின் சில்லுக்கு டிரம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதிதாக ஒன்று வாங்கும் யோசனையையே விட்டுவிட்டேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில், ஒரு சொட்டாவது மிஞ்சட்டும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு பெரகலையிலிருந்து நியூட்ரலில் இறங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அந்த இறக்கமெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழுந்தது.

முன் பேட் தேய்ந்து இரும்பு உரசும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கராஜுக்குப் போனால் பாதி நாள் போய்விடும், கூலியும் கொடுக்க வேண்டும். இரண்டு வீடியோக்களைப் பார்த்தேன், இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் புதுப் பேட் வாங்கி வந்து முற்றத்தில் உட்கார்ந்து மாற்றினேன். புதுப் பேட் தடிப்பு என்பதால் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளித்தான் அதைப் போட முடியும். தள்ளினேன், போட்டேன், ஆணிகளை இறுக்கினேன். மழை தூறியது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மச்சினன் வந்தான். "மச்சான், பைக்கக் கொஞ்சம் தாங்க, உம்மாக்கு மருந்து எடுத்துட்டு வந்துர்றேன்" என்றான். சாவியைக் கொடுத்தேன். "புதுப் பேட் போட்டிருக்கேன், நல்லாப் பிடிக்கும்" என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பினேன்.

எங்கள் ஒழுங்கை செங்குத்தாக இறங்கி நேரே பிரதான வீதியில் போய் முட்டுகிறது. கொழும்பு பஸ்ஸும் லொறியும் ஓடும் ஏ4 வீதி. பாதி இறக்கத்தில் அவன் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். லீவர் வெறுமனே கைபிடி வரைக்கும் வந்துவிட்டது. பின் பிரேக்கை மிதித்திருக்கிறான். நனைந்த கொங்கிறீற்றில் பின் சில்லு வழுக்கியது. கீழே வாகன வெளிச்சம் தெரிந்திருக்கிறது. இனி வீதிக்குப் போகக்கூடாது என்று முடிவெடுத்து, பக்கத்து மண் திட்டில் வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினான். நிதானம் இல்லாதவன் செய்கிற வேலையா அது?

தியத்தலாவைக்குக் கொண்டு போனோம். மறுநாள் பைக்கைத் தள்ளிக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் லீவரை மூன்று நான்கு தரம் அடித்தார். பிரேக் பிடித்தது! எனக்குத் தலை சுற்றியது.

"பேட் மாத்துனா வண்டிய நகத்துறதுக்கு முந்தி லீவர அடிச்சுப் பாக்கணும் சேர். நீங்க பிஸ்டன உள்ள தள்ளிட்டீங்க. அது திரும்ப வந்து பேட்டத் தொடணுமில்ல?" என்றார். பிறகு ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பிளேன்டீ நிறத்தில் இருந்தது. "இத எப்ப சேர் மாத்துனீங்க?" வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை.

நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த விஞ்ஞான ஆசிரியன். திரவம் அமுங்காது, ஒரு பக்கம் கொடுக்கும் அமுக்கம் மறு பக்கத்துக்கு அப்படியே கடத்தப்படும் என்ற பஸ்காலின் தத்துவத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். உதாரணம் கேட்டால் "வாகனத் தடுப்பு" என்று எழுதச் சொல்வேன், புள்ளியும் போடுவேன். வாசலில் நின்ற என் சொந்தப் பைக்கின் தடுப்பைத் திறந்து பார்த்ததில்லை.

இனி, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது நியமம். ஏறக்குறைய 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நம் ஊர் மூடுபனியையும் மழையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய வரைக்கும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சுடும், அந்தச் சூடு ஒயிலுக்கும் போகும். ஒயில் கொதித்தால் குமிழி வரும். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். நீங்கள் லீவரைப் பிடிக்கிறீர்கள், குமிழி மட்டும் சுருங்குகிறது, சில்லு நிற்காது. லீவர் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அதை வெளியேற்றுவதைத்தான் பாஸ்மார் "எயார் எடுக்கிறது" என்கிறார்கள். அந்த அண்ணன் பக்கத்தில் நிற்க இரண்டு தரம் செய்துவிட்டுத்தான் வீட்டில் தனியாகச் செய்யத் தொடங்கினேன்.

1. டப்பா மூடியில் என்ன இலக்கம் இருக்கிறதோ அதே ஒயிலை, முத்திரை உடைக்காத போத்தலில் வாங்குங்கள். டொட் 5 என்பது வேறு வகை, டொட் 4 உடன் கலக்கக் கூடாது. எஞ்சின் ஒயிலை ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

2. டாங்கியைத் துணியால் மூடுங்கள். பிரேக் ஒயில் பட்டால் பெயின்ற் போய்விடும். பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் படாமலும் பிள்ளைகள் கையில் கிடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளில் மீன்தொட்டி டியூப் ஒன்றை மாட்டி, மறு நுனியைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள்.

4. ஒருவர் லீவரைச் சில தரம் அடித்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். முந்தி விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும்.

5. மேலே டப்பாவில் ஒயில் கீழ்க்கோட்டுக்கு இறங்குமுன் ஊற்றிக்கொண்டே இருங்கள். டப்பா வெறுமையானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

6. குமிழி நின்று, தெளிந்த ஒயில் வந்து, லீவர் கல்லாகும் வரை செய்யுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தரமாவது ஒயிலை மாற்றுங்கள்.

7. பேட் மாற்றினாலும் ஒயில் மாற்றினாலும், வண்டியை நகர்த்துமுன் லீவர் இறுகும்வரை அடியுங்கள். பிறகு சமதரையில் நடை வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு படிய நாளெடுக்கும், அதுவரை நிதானமாக ஓட்டுங்கள்.

பின் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். ஏபிஎஸ் உள்ள பைக்கையும் உங்களுக்குச் சந்தேகமான வேலையையும் பாஸிடமே விடுங்கள். கூலி மிச்சம் பிடிக்கப் போய் நான் கொடுத்த விலையை மேலே படித்தீர்கள்.

இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் வேண்டாம். எல்ல, வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனதை நாம் மறக்கவில்லை. நம் மலை வீதிகள் இரண்டாவது வாய்ப்பை எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம்தான். சேருக்கு இதுகூடத் தெரியாதா என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்தேன். அவன் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "விடுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான். வண்டியைக் கொடுத்தவன் அதைச் சரியாகக் கொடுக்க வேண்டும், அது அமானிதம். அதில் நான் தவறினேன். அவன் பெயர் கெடும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய தவறு. இந்தப் பதிவை அவனிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் போடுகிறேன். அவனைப் பற்றி வேறு விதமாகச் சொன்னவர்கள், சொன்ன இடத்திலேயே இதையும் சொல்லிவிடுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், எலும்பு கூடிவிட்டது. இப்போதும் பைக் கேட்டு வருவான். ஏறி உட்கார்ந்ததும் லீவரை மூன்று தரம் அடித்துப் பார்ப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். எனக்குச் சுருக்கென்றிருக்கும், ஆனாலும் அடிக்கட்டும்.

வருகிற ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். ஒயில் மாற்ற வேண்டியவர்கள் புதுப் போத்தலோடு வாருங்கள். ஸ்பெனரும் டியூபும் என்னிடம் இருக்கிறது. லீவரை நான் பிடிக்கிறேன், நிப்பிளை நீங்கள் திறவுங்கள்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.