திரையில் சுருங்கிய நிலம்

1994 பிப்ரவரியில் பூலான் தேவி சிறையிலிருந்து வெளியே வந்தார். பதினோரு ஆண்டுகள் உள்ளே இருந்தவர். அந்த வருடமே அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'பாண்டிட் குயின்' கான் விழாவில் திரையிடப்பட்டது. இயக்குநர் சேகர் கபூருக்குப் பாராட்டுகள் குவிந்தன. பூலானோ, தன்னைக் கதாநாயகியாக்கிய படத்தைத் தடை செய்யச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினார்.

இது உண்மைக் கதை என்ற அறிவிப்போடுதான் படம் தொடங்குகிறது. யாருடைய உண்மை என்பதுதான் தகராறு.

படத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பதினோரு வயதில் கல்யாணம், மல்லா சாதிப் பெண்ணைத் தாக்கூர்கள் பாடாய்ப்படுத்திய விதம், பெஹ்மாய் கிராமத்து அவமானம் எல்லாம் அதில் உண்டு. சீமா பிஸ்வாஸின் முகம் லேசில் மறக்காது. ஆனால் பூலான் திரும்பத் திரும்பச் சொன்ன கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அப்பாவின் நிலத்தைப் பெரியப்பா மகன் மாயாதீன் பறித்துக்கொண்டான். பத்து வயதுப் பூலான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வயலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றால் எழவில்லை. செங்கல்லால் அடி வாங்கினாள். அப்போது அவளை எந்தக் கொள்ளைக்காரனும் தொட்டிருக்கவில்லை.

இந்தத் தகராறு படத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது. பலாத்காரத்துக்குப் பழிவாங்கும் பெண் என்றால் ரசிகனுக்குச் சட்டென்று புரிகிறது. நிலம் கேட்டு உதை வாங்கும் சிறுமியை வைத்து விழாவுக்குப் போக முடியுமா? 1994-ல் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதிய அருந்ததி ராய் கேட்டதும், உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் பலாத்காரத்தை அவள் சம்மதம் இல்லாமல் காட்ட யாருக்கு உரிமை என்பதுதான்.

கடைசியில் பூலான் பணம் பெற்றுக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்கினார். விலை போய்விட்டாள் என்று சிரித்தவர்கள் உண்டு. படத்தால் மற்றவர்கள் பார்த்த லாபத்தை அவர்கள் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு வேறொருவர் தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றம் படத்தை நிறுத்தியது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நிர்வாணக் காட்சி காமத்தை அல்ல, அருவருப்பைத்தான் தூண்டுகிறது என்பது நீதிபதிகளின் கருத்து. பார்ப்பவனின் மனம் அங்கே அலசப்பட்டது; காட்டப்படுபவளின் மனம் வழக்கிலேயே இல்லை.

அதே மாதம் மிர்சாபூர் வாக்காளர்கள் பூலானை மக்களவைக்கு அனுப்பினார்கள். 2001 ஜூலை 25 அன்று டெல்லியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் அவர் எம்.பி.தான். படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. 1983-ல் அவர் சரணடைவதோடு அது முடிந்துவிடுகிறது.