கோட் எழுதி வருஷக்கணக்கான என் பிள்ளைகளுக்கு

  இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மூன்று மாதத்தில் ஒரே கேள்வியை இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்.

ஒருவன் கிழக்குத் தாம்பரத்தில் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸும் சி++-ம் இருந்த காலத்துப் பையன். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் வேலை, அதில் கடைசி ஏழு வருஷம் மேனேஜர். மீட்டிங், மெயில், எக்செல் என்று ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, உங்கள் பதவி இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடங்களுக்கு இன்டர்வியூ போனால் முதல் சுற்றிலேயே கோட் எழுதச் சொல்கிறார்களாம். "மிஸ், லாஜிக் எல்லாம் மண்டையில இருக்கு. கைதான் வரமாட்டேங்குது" என்றான். வீட்டுக் கடன் ஓடுகிறது, பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

இன்னொருத்தி என் நாத்தனார் மகள், சேலையூரில் இருக்கிறாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. பையன் இப்போது யூ.கே.ஜி. "அத்தை, திரும்பிப் போகணும்னு ஆசைதான். ஆனா கீபோர்டுல கை வெச்சாலே பயமா இருக்கு" என்றாள்.

இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு புரோகிராமிங் போட்டி எழுதுங்கள். பரிசை நினைக்க வேண்டாம். பாட்டுக்காரர்கள் சாதகம் செய்கிறார்களே, அதுபோல எழுதுங்கள்.

"எதுக்கு போட்டி? ஆன்லைன் கோர்ஸ் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். கோர்ஸ் நல்லதுதான். ஆனால் முப்பது வருஷம் போர்டுக்கு முன்னால் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் கணக்குப் போடும்போது வகுப்பே தலையாட்டும். அதே கணக்கை டெஸ்டில் கொடுத்தால் பாதிப் பேப்பர் காலியாக வரும். பார்ப்பது வேறு, செய்வது வேறு. போட்டியில் வெற்றுத் திரை, ஓடுகிற கடிகாரம், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. நீங்கள் அனுப்பும் நிரலை நடுவராக இருக்கும் கம்ப்யூட்டர், உங்கள் கண்ணில் காட்டாத உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கும். ஒன்றில் தப்பினாலும் தப்புதான். அரை மார்க் போடுங்க மிஸ் என்று கெஞ்ச முடியாது!

ஒரு சின்ன உதாரணம். இங்கிலாந்தில் காலின் ஹியூஸ் என்ற கணக்கு ஆசிரியர் 2001-இல் தொடங்கியது 'புராஜெக்ட் ஆய்லர்'. இப்போது அதில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. நேரக் கெடு கிடையாது. ரிடையர் ஆனதிலிருந்து எனக்குப் பொழுதுபோக்கே அதுதான். அதன் முதல் கணக்கு: 1000-க்குக் கீழே 3-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்களை எல்லாம் கூட்டினால் என்ன வரும்?

ஒரு லூப் போட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக் கூட்டிவிடலாம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் எழுதுவாள். விடை 2,33,168.

இப்போது 1000 என்பதை நூறு கோடி என்று மாற்றுங்கள். போட்டிக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குச் சுமார் பத்துக் கோடி எளிய வேலைகள் செய்யும் என்று. அப்படியென்றால் நம் லூப்புக்குப் பத்து விநாடி வேண்டும். போட்டியில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ விநாடிதான் தருவார்கள். 'டைம் லிமிட் எக்சீடட்' என்று சிவப்பில் வந்து நிற்கும்.

பத்தாம் வகுப்புக் கூட்டுத்தொடர் இங்கேதான் கை கொடுக்கும். 1000-க்குக் கீழே 3-இன் மடங்குகள் 333, கூட்டினால் 1,66,833. 5-இன் மடங்குகள் 199, கூட்டினால் 99,500. இரண்டிலும் வருகிற 15-இன் மடங்குகள் 66, கூட்டினால் 33,165. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் அதே 2,33,168. லூப்பே வேண்டாம். நூறு கோடி என்றாலும் மூன்றே வரி.

அதோடு முடியவில்லை. அந்த மூன்று வரியை சி++-இல் 'இன்ட்' போட்டு எழுதினால் மறுபடி தப்பு வரும். இன்ட் தாங்குவது சுமார் 214 கோடி வரைதான். இந்த விடை அதைவிடப் பல கோடி மடங்கு பெரியது. 'லாங் லாங்' போட வேண்டும். என் பழைய மாணவன் முதல் நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். "மிஸ், இது எனக்குத் தெரியும் மிஸ்!" என்று அலறினான். தெரியும்தான். ஏழு வருஷமாக உபயோகிக்கவில்லை, துரு ஏறிவிட்டது. அந்தத் துருவைச் சுரண்டத்தான் போட்டி.

சரி, எங்கே எழுதுவது? போட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் வீட்டு நேரத்துக்கு எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி. எல்லாம் நம் இந்திய நேரத்தில் சொல்கிறேன்.

1. ஞாயிறு காலை 8 மணி: லீட்கோட். ஒன்றரை மணி நேரம், நான்கு கேள்விகள். இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான். வேலை தேடுகிறவர்கள் இதில் தொடங்கலாம். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை இரவு 8 மணிக்கும் ஒன்று உண்டு.

2. சனி மாலை 5:30 (சில வாரம் ஞாயிறு): ஜப்பானின் அட்கோடர் நடத்தும் பிகினர் போட்டி. 100 நிமிடம். கேள்விகள் ஏ, பி, சி என்று படிப்படியாக ஏறும். முதல் இரண்டும் யாரையும் பயமுறுத்தாது. ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

3. புதன் இரவு 8 மணி: கோட்செஃப். 2009-இல் தொடங்கிய நம் நாட்டுத் தளம். இரண்டு மணி நேரம். ரேட்டிங்குக்குத் தகுந்தபடி பிரிவு பிரித்துக் கேள்வி தருவார்கள்.

4. கோட்ஃபோர்சஸ்: ரஷ்யாவில் பிறந்தது. பெரும்பாலும் இரவு 8:05-க்குத் தொடங்கி பத்து, பத்தரை வரை போகும். கிழமை மாறிக்கொண்டே இருக்கும். டிவிஷன் 4, டிவிஷன் 3 என்று போட்டால் தைரியமாக உட்காருங்கள்.

5. டிசம்பரில் அட்வென்ட் ஆஃப் கோட்: எரிக் வாஸ்டல் என்பவர் 2015 முதல் நடத்துகிறார். தினம் ஒரு புதிர், கதையோடு வரும். 2024 வரை 25 நாள், 2025-இல் 12 நாள் ஆக்கிவிட்டார். நம் ஊரில் கச்சேரி சீசன் மாதிரி அங்கே அது ஒரு சீசன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், விடையை மட்டும் கொடுத்தால் போதும். பழைய ஆண்டுப் புதிர்களும் அப்படியே இருக்கின்றன.

கல்லூரி நாளில் கூகுள் கோட் ஜாம் எழுதியவர்கள் உங்களில் உண்டு. 2003-இல் தொடங்கிய அந்தப் போட்டியை 2023-இல் நிறுத்திவிட்டார்கள், தேடி அலைய வேண்டாம். எல்லாப் போட்டிகளின் தேதியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 'க்ளிஸ்ட்' என்ற தளம் இருக்கிறது. பார்த்து ஃபோன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

என் நாத்தனார் மகளுக்கு இந்த நேரம் எதுவுமே ஒத்துவரவில்லை. இரவு 8 மணி பையனுக்குச் சோறு ஊட்டுகிற நேரம். ஞாயிறு காலை 8 மணிக்கு வீட்டில் எல்லோருக்கும் இட்லி வேண்டும்! இந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் இதையெல்லாம் நினைப்பதில்லை. அவளுக்கு உதவியது 'வர்ச்சுவல்' முறை. முடிந்துபோன போட்டியை, நமக்கு வசதியான நேரத்தில் அதே கடிகாரத்தோடு எழுதலாம். கோட்ஃபோர்சஸ், அட்கோடர் இரண்டிலும் உண்டு. செவ்வாயும் வியாழனும் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு பத்து மணிக்கு உட்காருகிறாள். அந்த நேரத்தில் ஃபோன் எடுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மாமியாரும் ஒத்துழைக்கிறார்.

அடுத்தது, மான அவமானம். இந்தத் தளங்களில் ரேட்டிங் என்று ஒன்று உண்டு. கோட்ஃபோர்சஸில் 1200-க்குக் கீழே இருந்தால் உங்கள் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். இருபது பேருக்கு மேனேஜராக இருந்தவன் பெயர் சாம்பலில் நிற்கும், ஏதோ ஒரு ஊரில் பதினொன்றாவது படிக்கும் குழந்தை ஆரஞ்சில் ஜொலிக்கும். என் மாணவன் இரண்டாவது வாரமே விடப் பார்த்தான். நான் சொன்னேன்: "ராசா, உன் சம்பளத்தையும் பதவியையும் அந்த நடுவருக்குத் தெரியாது. அதனால உன்னை மட்டம் தட்டவும் அதுக்குத் தெரியாது. கோட் சரியா தப்பான்னு மட்டும்தான் சொல்லும்." வேண்டுமானால் புனைபெயரில் எழுதுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். போட்டி முடிந்ததும் மூடி வைத்துவிட்டால் பாதிப் பலன்தான். முடியாமல் விட்ட கேள்விகளில் ஒன்றே ஒன்றை, அந்த வாரம் முடிவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். 'அப்சால்விங்' என்கிறார்கள். விளக்கத்தைப் படியுங்கள், மூடி வையுங்கள், பிறகு சொந்தமாக எழுதுங்கள். டெஸ்டில் தப்பான கணக்கை மூன்று முறை எழுதச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு என்னைத் திட்டினீர்கள். சூட்சுமம் இதுதான்.

"இப்ப ஏ.ஐ. வந்துடுச்சே, எல்லாத்தையும் அதுவே எழுதிடுமே" என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. 2025-இல் பாகு நகரில் நடந்த ஐ.சி.பி.சி. கல்லூரி உலக இறுதிப் போட்டியில் 12 கேள்விகள். மனித அணிகளில் முதலிடம் பெற்ற செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணி 11 போட்டது. அதே கேள்விகளை கூகுளின் ஜெமினி 10, ஓபன் ஏ.ஐ.யின் மாடல்கள் 12-ம் போட்டுவிட்டன. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இயந்திரம் முந்திவிட்டது.

ஆனால் செஸ்ஸைப் பாருங்கள். 1997-லேயே டீப் புளூ கம்ப்யூட்டர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதற்காக நம் ஊரில் செஸ் போர்டை மடித்தா வைத்துவிட்டார்கள்? அதற்குப் பிறகு பிறந்த நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனான். கம்ப்யூட்டரை வைத்துத்தான் பயிற்சியும் செய்கிறார்கள். ஆனால் போர்டின் முன்னால் தனியாகத்தான் உட்கார வேண்டும். வேலையிலும் அதே நிலைதான். ஏ.ஐ. எழுதிக் கொடுத்த கோடில் அந்த 'இன்ட்' தப்பு ஒளிந்திருந்தால் யார் கண்டுபிடிப்பது? கை பழகியவர்தான். அதனால் போட்டி நேரத்தில் ஏ.ஐ.யைத் தொடாதீர்கள். பல தளங்களில் அது விதிமீறலும்கூட.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போட்டி கோடிங் வேறு, ஆபீஸ் கோடிங் வேறு. அடுத்தவர் எழுதியதைப் படிப்பது, டேட்டாபேஸ், டெஸ்டிங், பெரிய சிஸ்டத்தை வடிவமைப்பது எல்லாம் இதில் வராது. யோசித்ததைப் பிழையில்லாமல் கோடாக்கும் திறன் மட்டும் கூர்மையாகும். மற்றதற்கு ஒரு சின்ன புராஜெக்ட் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஆறு மணி நேரம் கேள்விகளை அரைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் போனால் வருகிற சிறுசேரி சிப்காட்டைப் பெரிய ஐ.டி. கம்பெனிகளின் இடமாகத்தான் பலருக்குத் தெரியும். அங்கேதான் சி.எஸ். சேஷாத்ரி அவர்கள் உருவாக்கிய சென்னை கணிதவியல் கழகமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தியக் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாடை வளர்த்ததில் அந்த நிறுவனத்துப் பேராசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2002 முதல் இந்தியா உலக ஒலிம்பியாடுக்கு அணி அனுப்பி வருகிறது. மண்டலச் சுற்றின் பழைய எழுத்துத் தேர்வுத் தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரே வேண்டாம், பேப்பரும் பென்சிலும் போதும். என் மாணவன் ஞாயிறு மாலை மகளோடு உட்கார்ந்து அதைப் போடுகிறான். சில கணக்கில் மகள் முந்திவிடுகிறாளாம். சொல்லும்போது அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

இருவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்? மாயம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் பன்னிரண்டு வாரம் விடாமல் எழுதியிருக்கிறான். போன மாதம் ஒரு இடத்தில் கோடிங் சுற்றைத் தாண்டினான். அடுத்த சுற்றில் வேலை கைநழுவிப் போனது. வருத்தம்தான், ஆனால் இப்போது கோடிங் சுற்று என்றால் வயிற்றைக் கலக்குவதில்லை என்கிறான். இன்னும் தேடுகிறான். உங்கள் கம்பெனியில் இடம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நாத்தனார் மகள் போன வியாழன் முதல்முறையாக சி கேள்வியைத் தனியாகப் போட்டாள். பயோடேட்டாவை எடுத்துத் திருத்தத் தொடங்கியிருக்கிறாள்.

உங்களில் யாருக்கெல்லாம் கை துருப்பிடித்தது போல இருக்கிறதோ, வருகிற ஞாயிறு காலை 8 மணிக்கு உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வி போட்டாலும் சரி. நானும் அன்றைக்கு எழுதுகிறேன். எத்தனை போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள், பூஜ்யம் என்றாலும் எழுதுங்கள். மிஸ் திட்ட மாட்டேன்.

எல்லோரும் நல்லா இருக்கணும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்