அப்பாவின் நீலக் கோட்டு

விடிந்தால் தங்கைக்குப் பதிவுத் திருமணம். பாரீஸுக்கு வடக்கே இருக்கும் சார்செல் நகரின் மேரியில், அதாவது நகராட்சி மன்றத்தில். பிரான்ஸில் கோயிலில் தாலி கட்டினாலும் சர்ச்சில் மோதிரம் மாற்றினாலும், முதலில் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அன்று இரவு, அண்ணன்காரன் பழைய பெட்டியைக் குடைந்து ஒரு நீலக் கோட்டை எடுத்து வந்தான். "அப்பா, நாளைக்கு இதைத்தான் போட்டுக்கப் போறேன்."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "தங்கச்சி கல்யாணத்துக்கு மெக்கானிக் சட்டையாடா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம் அவருடையது. இளம் வயதில் இங்கே வந்து, கார் பட்டறையில் 26 வருடம் உழைத்தார். ஆனால், அந்தக் கோட்டோடு ஒருநாளும் ரயில் ஏறியதில்லை. பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையில்தான் வீடு திரும்புவார். சனிக்கிழமை மட்டும் துவைப்பதற்காகப் பையில் சுருட்டி எடுத்து வருவார். ஊருக்கு அனுப்பிய போட்டோ ஒன்றில்கூட அது கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ப்ளூ து த்ரவாய்' என்பார்கள். வேலைக்கான நீல உடுப்பு என்று பொருள். 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆலையிலும் ரயில்வேயிலும் வயலிலும் உழைத்தவர்கள் போட்டது. நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணி. உள்ளே லைனிங் இருக்காது. சாமான் போட்டுக்கொள்ள வெளியே பெரிய பாக்கெட்டுகள். துவைக்கத் துவைக்க, அழுத்தமான நீலம் வான நீலமாக வெளுத்துவிடும்.

இப்போது அதற்குத்தான் மவுசு! நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாம், தெருவில் சைக்கிளில் சுற்றிப் படம் எடுக்கும்போதும் இந்தக் கோட்டுதான். பெரிய மனிதர்களின் விருந்துக்குப் போனாலும் இதே கோட்டுதான். 2016-ல், 87 வயதில் அவர் மறைந்தபோது, பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த நீலம்தான்.

மகன் இதையெல்லாம் சொன்னான். எப்படிப் போடுவது என்பதையும் விளக்கினான். சாதாரண நாளில் டி-ஷர்ட், ஜீன்ஸுக்கு மேலே பட்டன் போடாமல், கையை மடித்துவிட்டால் போதும். விசேஷம் என்றால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, சாம்பல் நிறக் கம்பளி பேன்ட், பாலிஷ் போட்ட தோல் ஷூ. "கோட்டு மட்டும்தான்ப்பா பழசா இருக்கணும். மத்ததெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்."

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பாக்கற. நீ போட்டா ஃபேஷன். நான் போட்டா, மெக்கானிக் வந்திருக்கான்னுதான் சொல்லுவாங்க."

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

காலையில் பார்த்தால், கோட்டு இஸ்திரி போடப்பட்டுக் கதவில் தொங்கியது. முழங்கையில் அம்மா என்றோ போட்ட ஒட்டு கலையாமல் அப்படியே இருந்தது. யார் இஸ்திரி போட்டது என்று அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

மேரியில், அதே கட்டடத்தில் குடியிருக்கும் பிரெஞ்சு முதியவர் ஒருவர் அருகில் வந்தார். மகனின் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் இதைத்தான் போட்டாராம். "இவ்வளவு நல்லதா எங்கே கிடைச்சது தம்பி?" என்று கேட்டார்.

மகன் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து அப்பாவின் குரல் பிரெஞ்சில் கேட்டது.

"அது என்னுடையது. இருபத்தாறு வருஷம் போட்டிருந்தேன்."